அட்டவணையிலிருந்து போன ஒரு வரிசை

இது என்னிடம் உயர்தரம் படித்த ஒருவரைப் பற்றியது. திருகோணமலையில் 26 வருடமாக இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்களில் வேலை கிடைத்த பழைய மாணவர்கள் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து நீட்டி, "சேர், இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்பது கொஞ்சக் காலமாக வழக்கமாகிவிட்டது. நான் சட்டம் படித்தவனல்ல. வாசித்து, விளங்காத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் அனுப்பிவைப்பேன். அவ்வளவுதான்.

நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் வரைவை வாசித்துச் சம்மதித்த பிறகே இது வெளிவருகிறது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு உதவும் என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

தகப்பன் சீனக்குடா மா ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். தாய், ஒரு தம்பி. வீடு உப்புவெளியில், கடலுக்கு நாலு வளவு தள்ளி. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது இவருக்கு 14 வயது. இறந்தவர்கள் யாரும் உறவில்லை. ஆனாலும் அடுத்த மூன்று நான்கு வருடங்கள் இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்குச் சில சொற்கள் காதில் விழுந்தாலே வயிறு கலங்கும். 'வெள்ளை வான்' அப்படி ஒரு சொல். ஆளைத் தூக்கிக்கொண்டு போக வருவது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, கொழும்பில் சிறிது காலம் வேலை செய்துவிட்டு, 2017இல் சிங்கப்பூர் போனார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் எழுதவும் படம் போடவும் பயன்படுத்தும் தளம் ஒன்றின் கிளை அலுவலகம் அது. முதலில் விளம்பரப் பகுதியில் இருந்தார்.

2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியைச் சுற்றிய இடங்களிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தது. 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், வைபர் எல்லாவற்றையும் முடக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்தே திறந்தது. சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைப் படித்து நீக்க பேஸ்புக்கில் போதிய ஆட்கள் இல்லை என்ற பேச்சு அப்போது பெரிதாக எழுந்தது. 2020 மேயில் பேஸ்புக் இலங்கையில் தன் தளம் ஏற்படுத்திய பாதிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. இவருடைய நிறுவனம் அதுவல்ல. ஆனால் அந்த மார்ச் மாதம், விளம்பர வேலையை விட்டு மொழிப் பாதுகாப்புக் குழுவுக்கு மாற்றம் கேட்டார். சம்பளத்தில் வித்தியாசமில்லை, பதவி உயர்வு பிந்தும் என்று நண்பர்கள் சொன்னார்கள். போனார்.

அங்கே தமிழ் தெரிந்தவர் இன்னும் ஒருவர் மட்டும், கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர். சினிமாவின் புண்ணியத்தில் அவருடைய தமிழ் எங்களுக்கு முழுதாக விளங்கும். எங்களுடையது அவருக்குப் பாதிதான் விளங்கும். 'பெடியள் கதைச்சவங்கள்' என்று எழுதினால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாராம்.

நம்பிக்கையோடு இருந்த காலம்

அந்தப் பிரிவுக்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு துணைத் தலைவர் இருந்தார். வருடத்தில் இரண்டு தடவை சிங்கப்பூர் வருவார். முதல் தடவை வந்தபோதே இவருடைய மேசைக்கு வந்து, தமிழ் ஏன் இயந்திரத்துக்குக் கடினம் என்று கேட்டிருக்கிறார். இவர் வெள்ளைப் பலகையில் 'வரமாட்டாராக்கும்' என்று எழுதி, அந்த ஒரே சொல்லுக்குள் வருவது, மறுப்பது, மரியாதை, சொல்பவரின் சந்தேகம் நாலும் எப்படி ஒட்டிக்கிடக்கின்றன என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். கால் மணி நேரம் என்று வந்தவர் ஒரு மணி நேரம் நின்று கேட்டாராம். போகும்போது பலகையின் மூலையில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டுப் போனார். மூன்று மாதம் அந்தச் சொல் அப்படியே இருந்தது.

அந்தப் பலகையின் படத்தை எனக்கும் அனுப்பினார். நானும் வகுப்பில் காட்டினேன். இப்போது யோசித்தால், இவருடைய கணக்கில் முதல் பிழை இங்கேதான் விழுந்தது. தலைமை தன்னைக் கவனித்துக் கேட்டதை, தன் சொல் அங்கே எடுபடும் என்று எடுத்துக்கொண்டார். கேட்பது ஒன்று, எடுபடுவது வேறொன்று. அந்த மனிதர் நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே ஆர்வமாகக் கேட்டிருப்பார்.

கவனித்தவை

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் பதிவு போட்டால் முதலில் இயந்திரம் படித்து, ஆபத்துக்கு ஒரு மதிப்பெண் போடும். மேல் எல்லையைத் தாண்டினால் தானாகவே நீக்கிவிடும். நடுவில் இருந்தால் மனிதப் பரிசோதகரிடம் போகும். கீழே என்றால் பதிவு அப்படியே இருக்கும். பெரிய மொழிகளுக்கு அந்தந்த மொழியிலேயே பயிற்றப்பட்ட இயந்திரம். தமிழ் போன்றவற்றை முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த ஆங்கிலத்துக்குத்தான் மதிப்பெண் போட்டார்கள். பரிசோதகர்கள் வேறொரு நாட்டில், வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் இருந்தார்கள்.

இதனால் நடந்தவற்றில் இரண்டை அவர் அடிக்கடி சொல்வார்.

ஒன்று, மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் போட்ட பதிவு. 'சூடை சுட்டுப்போட்டிருக்கு, கெதியா வாங்கோ.' சூடை ஒரு மீன். சுட்டதை இயந்திரம் துப்பாக்கியாக்கிவிட்டது. வன்முறை என்று பதிவு நீங்கியது; மூன்றாவது முறை அப்படி நடந்ததில் கணக்கே முடங்கியது. முறையீடு பரிசோதகரிடம் போனது. 'சூடை' அவருக்கும் தெரியவில்லை. முடக்கம் சரி என்று முடித்துவிட்டார்.

மற்றது, காணாமல் ஆக்கப்பட்ட தன் கணவரைப் பற்றி எழுதிவந்த ஒரு பெண்ணின் பதிவுக்குக் கீழே வந்த பின்னூட்டம். 'வீட்டு வாசலுக்கு வெள்ளை வான் வரும்.' ஆங்கிலத்தில் அது ஒரு வாகனம் வருகிறது, அவ்வளவுதான். மதிப்பெண் பூச்சியத்துக்குப் பக்கத்தில். அந்தப் பெண் முறைப்பாடு செய்தபோது 'விதிமீறல் எதுவும் இல்லை' என்ற பதில் போனது. இவர் அதைத் தற்செயலாகத்தான் கண்டார். உடனே கையால் நீக்கினார். அதற்கிடையில் பதிவு 11 நாள் கிடந்திருக்கிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அப்படியே ஒட்டியவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்ததால் இயந்திரம் அவற்றைப் படிக்கவே இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ், பாதியில் வேறு மொழியென்று போனது. 'எழுத்து, இயக்கம்' என்று போட்ட குறும்பட விளம்பரங்கள் இயக்கம் என்ற சொல் ஆயுத இயக்கத்தையும் குறிக்கும் என்பதற்காகவே மாட்டுப்பட்டன. இந்தச் சில்லறைகளை எழுதினால் முடியாது.

பிழைகள் இருந்தது அவரை உடைக்கவில்லை. பிழையைக் கண்டுபிடிப்பதுதானே வேலை. அவரை உடைத்தது ஓர் அட்டவணை.

காலாண்டுக்கு ஒருமுறை தலைமைக்குப் போகும் அறிக்கையில், மொழிவாரியாக எத்தனை முடிவு சரி, எத்தனை பிழை என்று ஓர் அட்டவணை இருக்கும். தமிழ் வரிசை எப்போதும் சிவப்பு. 2021இன் நடுப்பகுதியில் வந்த அறிக்கையில் சிவப்பே இல்லை. நல்லதுதான் என்று பார்த்தால், தமிழே இல்லை. சிறிய மொழிகள் என்று 11 வரிசைகள் போய், அவற்றுக்குப் பதிலாக 'ஏனைய மொழிகள்' என்று ஒரே வரிசை வந்திருந்தது. இறுதிப் பதிப்பில் அதுவும் போய், மொத்தச் சராசரி மட்டும் மிஞ்சியது.

கணக்கு வாத்தி என்றபடியால் இந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. 1,000 பதிவில் 6தான் தமிழ் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறிலும் இயந்திரம் பிழை விட்டு, மிச்சம் 994இலும் சரியாகச் செய்தால் மொத்தத் துல்லியம் 99.4 சதவீதம். தமிழ் பேசும் ஒருவருக்கு அது பூச்சியம். இரண்டு எண்ணும் உண்மை. எந்த எண்ணைப் பலகையில் எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் கிடக்கிறது.

கூட்டாகத் திருத்தும் கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு பதிவாகும். இவர் அதைத் திறந்து பார்த்தார். மாலை 6.40க்கு 11 வரிசைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீங்கியிருந்தன. நீக்கியவர் உதவியாளர் யாருமல்ல, அந்தத் துணைத் தலைவரே. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை.'

போன 11இல் தமிழும் சிங்களமும் அடுத்தடுத்து இருந்தன. அன்றிரவு தொலைபேசியில் அவர் சொன்னதை மறக்க முடியாது. "சேர், ரெண்டு பாசையையும் சமமா நடத்தச் சொல்லி ஊரில எத்தின வருசமாக் கேட்டவை. இங்க ஒரு பின்னேரத்தில சமமாக்கிப்போட்டினம்."

உள்ளே எடுத்த முடிவுகள்

முதலில் முறையாக எழுதுவது என்று முடிவு செய்தார். ஒன்பது பக்கம். எடுத்துக்காட்டுகள், காரணம், பரிகாரம் எல்லாம் அதில் இருந்தன. ஈழத்துத் தமிழ் தெரிந்த நான்கு பரிசோதகர்கள், ஆங்கிலத்துக்கு மாற்றாமல் நேரே தமிழில் பயிற்றிய சிறு இயந்திரம், அட்டவணையில் மொழிவாரி வரிசை. கேட்டது இவ்வளவுதான். ஒரு முச்சக்கர வண்டியில் ஏறக்கூடிய ஆட்களை விட ஒருவர்தான் கூட.

யாரையும் குற்றம் சாட்டாமல் எழுதினார். நீக்கிய வரலாற்றைக் குறிப்பிடவில்லை. நானும் அதுவே சரி என்றேன். உள்ளே இருந்து ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதல் கடிதத்திலேயே ஆளைச் சுவரோடு சாய்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

துணைத் தலைவரின் பதில் அன்றே வந்தது. அருமையான ஆவணம், எல்லோரும் படிக்க வேண்டியது, அடுத்த வருடத் திட்டத்தில் பார்ப்போம். உண்மையிலேயே பலருக்கு அனுப்பியும் வைத்தார். பாராட்டுகள் வந்தன. ஒரு பரிசோதகர்கூட வரவில்லை.

அடுத்தது, மாதக் கூட்டம். நிறுவனத்தின் தலைவரிடம் யாரும் கேள்வி போடலாம்; அதிக வாக்கு விழுந்தவற்றை அவர் மேடையில் வாசித்துப் பதில் சொல்வார். சிறிய மொழிகளின் துல்லியத்தை ஏன் தனியாக வெளியிடுவதில்லை என்று இவர் தன் பெயரிலேயே கேட்டார். வாக்கு நிறைய விழுந்து, மூன்றாவது கேள்வியாக வந்தது. தலைவர் முழுதாக வாசித்தார். நல்ல கேள்வி என்று நன்றி சொன்னார். ஒவ்வொரு காலாண்டும் ஒட்டுமொத்தத் துல்லியம் கூடிக்கொண்டே வருகிறது, எந்த மொழியையும் கைவிடப் போவதில்லை என்றார். அடுத்த கேள்விக்குப் போனார். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள்.

"பொய் சொல்லியிருந்தா எனக்குச் சுகமாயிருந்திருக்கும், சேர். அவர் பொய் சொல்லேல்லை."

அந்த வாரத்திலிருந்து அவர் வேலையை வேலையாகவே செய்தார் என்று சொல்லலாம். நேரத்துக்குப் போய், நேரத்துக்கு வந்தார். வெள்ளைப் பலகைப் பக்கம் போவதில்லை.

படம் எடுப்பதா?

2021 அக்டோபரில், பேஸ்புக்கில் முன்பு வேலை செய்த பிரான்சிஸ் ஹோகன் அமெரிக்க செனட் குழுவின் முன் பேஸ்புக் பற்றிச் சாட்சியம் சொன்னார். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் பாதுகாப்பு வேலை மிகக் குறைவு என்பதும் அவர் சொன்னவற்றில் ஒன்று. அதற்கு முந்தைய டிசம்பரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவு அறநெறிக் குழுவில் இருந்த டிம்னிட் கெப்ரூ வெளியேறியது பெரிய சர்ச்சையாகியிருந்தது. தன்னை வெளியேற்றினார்கள் என்றார் அவர், ராஜினாமாவை ஏற்றோம் என்றது நிறுவனம். 2018 நவம்பர் 1ஆம் திகதி கூகுளில் ஏறக்குறைய 20,000 பேர் எதிர்ப்புத் தெரிவித்து அலுவலகங்களை விட்டு வெளியே வந்து நின்றதும் இவருக்குத் தெரியும். ஆக, உள்ளிருந்து பேசுவது நடக்காத காரியமல்ல.

ஒரு சனிக்கிழமை எனக்கு அழைத்தார். மாற்ற வரலாறு இருந்த திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை. கையில் இருக்கட்டும் என்றார்.

வேண்டாம் என்றேன். சட்டத்தரணியும் அதையே சொன்னார். இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தார்; அவர் அங்கே இருப்பதே அந்த வேலைக்கான அனுமதியில்தான். அமெரிக்க ஊழியர் ஒருவர் பங்குச்சந்தை ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யும்போது கிடைக்கும் காப்பு, சிங்கப்பூரில் இருக்கும் இலங்கைக்காரருக்கு எந்தளவு கைகொடுக்கும் என்பதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. இன்னொன்றும் இருந்தது. அதே கோப்பில் எடுத்துக்காட்டாக வைத்த பதிவுகளில் ஆட்களின் பெயர் கிடந்தது. அந்தப் பெண்ணுடையதும்.

அதற்குப் பதிலாக, தான் கண்டதைத் திகதி போட்டு, தன் வார்த்தையில், ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொன்னோம். நிறுவனத்தின் எண்கள் எதுவும் அதில் வரக்கூடாது. எழுதினார்.

இந்த ஆலோசனை சரியா என்பதில் எனக்கு இன்றும் முழுத் தெளிவில்லை. பாதுகாப்பானது என்பது மட்டும் தெரியும்.

வேலை போன காலை

2022 இறுதியில் பெரிய நிறுவனங்களில் ஆட்குறைப்பு தொடங்கியது. நவம்பரில் மெட்டா 11,000 பேர், அடுத்த ஜனவரியில் அமேசான் 18,000 என்றும் கூகுள் 12,000 என்றும் அறிவித்தன. 2023இல் இவருடைய முறை வந்தது. காலையில் மடிக்கணினி உள்ளே விடவில்லை. தன் சொந்த மின்னஞ்சலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குழுவில் பாதிப்பேர். கோயம்புத்தூர்க்காரரும் போனார். கேள்வி கேட்டதற்காக நீக்கினார்கள் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை; அப்படி நினைக்க ஆதாரமும் இல்லை. தமிழ் வரிசையே இல்லாத அட்டவணையில் தமிழுக்கு ஆள் ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது வேறு விசயம்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிங்கப்பூரில் வேலை போனால் வேலை அனுமதியும் இரத்தாகும். வழக்கமாக 30 நாள் தங்க விடுவார்கள், அதற்குள் வேறு வேலை அல்லது விமானம். வெளிநாட்டு ஊழியர் விலகும்போது வரிக்கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் பிடித்து வைக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். வேலை அனுமதியில் போனவருக்கு அந்த நாட்டின் சேமலாப நிதியும் கிடையாது. இங்கே என்றால் தொழிலாளி 8, முதலாளி 12 சதவீதம் போட்டு ஒரு தொகை சேர்ந்திருக்கும். அங்கே ஏழாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோது கையில் இருந்தது சேமிப்பு மட்டும். அதில் பெரும்பகுதி 2022இல் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வருடம் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் இங்கே பட்ட பாட்டை இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான்கு வருடத்தில் பகுதி பகுதியாகக் கைக்கு வரும் என்று கொடுத்த நிறுவனப் பங்குகளில், வராத பகுதி அன்றோடு போயிற்று.

கையெழுத்து

விலகல் ஒப்பந்தம் 14 பக்கம். ஐந்து மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை தருவார்கள். அதற்குப் பதில், நிறுவனத்தின் மேல் எந்த வழக்கும் போடுவதில்லை. நிறுவனத்தையோ அதன் தலைமையையோ தாழ்த்தும் விதமாக எழுத்திலும் பேச்சிலும் எதுவும் சொல்வதில்லை. யோசிக்க மூன்று வாரம்.

திருகோணமலைக்கு வந்து நான்காவது நாள் என் வீட்டுத் திண்ணையில் அந்தக் காகிதத்தோடு இருந்தார். கையெழுத்திடுவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தார். கூடவே வந்த தாய் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி குடித்து முடிந்ததும், "சேர் சொன்னாக் கேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வெளியே போய்விட்டார். அந்தப் பாரம் எனக்குப் பிடிக்கவில்லை. சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பேருமாக வாசிப்போம் என்றேன்.

வரிவரியாக வாசித்ததில் ஒன்று புலப்பட்டது. 'நிறுவனத்தைத் தாழ்த்துவது' தடை. 'பொதுவான தொழில் அறிவையும் திறமையையும் பயன்படுத்துவது' தடையில்லை. இன்னொரு பிரிவில் சின்னதாகக் கிடந்தது. மொத்தச் சராசரி எப்படி ஏமாற்றும் என்பது உலகத்துக்குப் பொதுவான கணக்கு. அது எந்த நிறுவனத்தின் சொத்துமல்ல. சட்டத்தரணி இதை உறுதிப்படுத்த ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுதினோம். ஒப்பந்தத்தில் எதையும் மாற்ற முடியாது என்றும், பொது அறிவைப் பயன்படுத்துவதற்கு அது தடையல்ல என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த இரண்டு வரியைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினோம்.

தம்பிக்குப் பல்கலைக்கழகத்தில் இன்னும் இரண்டு வருடம் இருந்தது. 19ஆம் நாள் கையெழுத்திட்டார். பேனாவை மூடிவிட்டு, "இதுக்கும் ஒரு விலை போட்டு வச்சிருக்கினம் என்ன" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

2024 மேயில் ஓப்பன்ஏஐ நிறுவனம், விலகும் ஊழியர் அப்படியான நிபந்தனையில் கையெழுத்திடாவிட்டால் ஏற்கெனவே கைக்கு வந்த பங்கையே இழக்க நேரிடும் என்று ஒப்பந்தத்தில் வைத்திருந்தது வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த விதியைக் கைவிட்டார்கள். அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிவிட்டு, கீழே ஒன்றும் எழுதவில்லை.

பின்விளைவு

முதல் ஆறு மாதம் வெளியே அதிகம் வரவில்லை. நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்தும் உறவினருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் என் வகுப்பு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு சிறு வேலை தொடங்கியது. உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். மூதூர், கிண்ணியாவிலிருந்தும் வருகிறார்கள். கிழக்கில் பேசும் தமிழில் வசனங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இது மிரட்டலா, பகிடியா, மீன் விலையா என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர். எந்தத் தமிழ் இயந்திரத்தையும் சோதிக்கப் பயன்படும் தொகுப்பு. கிண்ணியாப் பிள்ளை எழுதுவது திருக்கடலூர்ப் பிள்ளைக்கு விளங்காமல் சண்டை வரும். அந்தச் சண்டையைத்தான் இவர் ஆசையோடு குறித்துவைப்பார்.

2024இல் கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகையாளர் அழைத்தார். சிறிய மொழிகளைப் பற்றி எழுதுகிறார், நீங்கள் அங்கே இருந்தீர்களாமே என்றார். பேச முடியாது என்று சொல்லிவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்து, திண்ணையில் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். கையெழுத்தின் கணக்கு அன்றுதான் முழுதாக வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. யோசித்துவிட்டு, அந்தத் துணைத் தலைவரையே கேட்டார். அவரும் அதற்குள் வேறிடம் போயிருந்தார். இரண்டு நாளில் வந்துவிட்டது, முழு இரண்டு பக்கம். 'கூட்டத்தில் மற்றவர்கள் கேட்கத் தயங்குவதை எப்போதும் இவரே கேட்பார்' என்று எழுதியிருந்தார். அந்தப் பலகையைப் பற்றிக்கூட ஒரு வரி இருந்தது. அதையும் சேர்த்தே விண்ணப்பம் போனது. இடம் கிடைத்தது.

திரும்பச் செய்வதென்றால்

என் பங்கைப் பொறுத்தவரை, வேலையில் சேர்ந்த ஒப்பந்தத்தை 2017இலேயே இப்படி உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும். அன்று சம்பளத்தையும் விமானச்சீட்டையும் பார்த்துவிட்டு, "நல்லதம்மா, போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். இப்போது வரும் பிள்ளைகளிடம் முதலில் விலகும் பக்கத்தைத்தான் வாசிக்கச் சொல்கிறேன்: அனுமதி இரத்தானால் எத்தனை நாள், பங்கு எப்போது கைக்கு வரும், எதைப் பேசக் கூடாது. வாயைத் திறக்க வேண்டிய நாள் வந்தால் கையில் குறைந்தது எட்டு மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். அது இருந்திருந்தால் 19ஆம் நாள் வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

ஒன்பது பக்க ஆவணத்திலும் ஒரு மாற்றம் செய்வேன். வரிசை நீங்கியதை அதில் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும், ஆளின் பெயர் இல்லாமலாவது. மரியாதை கருதி விட்ட அந்த ஒரு வரியால், தலைமைக்குப் பதில் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. அந்த ஆலோசனை என்னுடையது.

அவர் வரைவை வாசித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் கேட்டார். அதை மேலே சேர்க்காமல், வந்த இடத்திலேயே வைக்கிறேன். துணைத் தலைவர் வரிசையை நீக்கியதற்கு இரண்டு காலாண்டு முன்னர், அட்டவணை ஸ்லைடுக்குள் கொள்ளவில்லை என்று சொல்லப்பட்டபோது, சிவப்பாக இருந்த சிறிய மொழிகளை முன்பக்கத்திலிருந்து எடுத்துக் கடைசியில் பின்னிணைப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதைச் செய்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நான்தான் சேர். எழுத்தின்ர அளவையும் குறைச்சனான். அதையும் போடுங்கோ."